இடைவேளையை வரைகிறவள்

அண்ணி போனது ஒரு வியாழக்கிழமை. ஐந்து மணிக்கு ஒத்திகை. ஐந்தேகால் வரை யாரும் எதுவும் நினைக்கவில்லை. ஐந்தரைக்கு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க ஆரம்பித்தார்கள். ஆறு மணிக்குள் அந்தக் கூடத்தில் இருந்த ஒன்பது பேரும் மற்ற எட்டுப் பேரையும் சந்தேகப்பட்டு முடித்திருந்தார்கள்.

எனக்கு அவர் அண்ணி இல்லை. நாடகக் குழுவின் இயக்குநரை எல்லோரும் அண்ணன் என்பார்கள்; அதனால் அவர் மனைவி எல்லோருக்கும் அண்ணி. குழுவின் கதாநாயகியும் அவர்தான். புது நாடகத்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. முந்தைய நாள்தான் சுவரொட்டிகளை ஒட்டியிருந்தார்கள். அவற்றை வரைந்தவள் என் அக்கா.

ஒத்திகைக் கூடம் ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது. எந்தக் காட்சி நடந்தாலும் ரப்பர் வாசனைதான். அண்ணன் நான்கு முறை போன் போட்டுப் பார்த்தார். பிறகு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய், அரை மணி நேரத்தில் திரும்பி வந்தார். கையில் ஒரு அலமாரிச் சாவி.

"துணி இல்லை. சர்டிபிகேட் இல்லை. அவ அம்மா போட்டோ இல்லை. அலமாரியைப் பூட்டிட்டு, சாவியை அதுலயே தொங்கவிட்டுட்டுப் போயிருக்கா" என்றார்.

"தனியாவா போனாங்க?" என்று யாரோ கேட்டார்கள்.

"கீழ் வீட்டுக்காரம்மா பார்த்திருக்காங்க. மத்தியானம் ரெண்டு மணிக்கு, ஒத்தைப் பையோட." சாவியை உள்ளங்கையில் உருட்டினார். "அலமாரி முழுக்க இருந்தது எப்படி ஒத்தைப் பையில போகும்? யாரோ ஒருத்தர் உதவி பண்ணியிருக்கீங்க."

பேசிக்கொண்டிருந்தவரின் கண் சுவரில் போய் நின்றது. அங்கே மிச்சமான சுவரொட்டி ஒன்றை ஊசி குத்தி மாட்டியிருந்தார்கள். திறந்த கதவு, வெளியே போகிற ஒரு பெண்ணின் முதுகு. கதவும் பெண்ணும் சாம்பல் நிறம். தோளில் தொங்கும் பை மட்டும் சிவப்பு. கீழே நாடகத்தின் பெயர்: வாடகை சன்னல்.

"இதை எப்ப வரைஞ்சே?"

"பத்து நாள் இருக்கும்ணா. நீங்கதானே பார்த்து சரின்னு சொன்னீங்க" என்றாள் அக்கா.

"நாடகத்துல கடைசி வரைக்கும் அந்தப் பொண்ணு வீட்டை விட்டு வெளிய போறதே இல்லை."

"அதுக்குத்தான் நல்லாருக்குன்னு சொன்னீங்க. எப்ப போவான்னு பார்க்க ஜனம் வரும்னு."

அண்ணன் சுவரொட்டிக்கு மிக அருகில் போனார். பையின் பக்கவாட்டுப் பாக்கெட்டின் மீது விரலை வைத்தார். "நிறத்தைத்தான் மாத்தியிருக்கே. இது அவ பை. நீல நிறத்துல வீட்டுல கிடக்குமே, அதே பை. அவ போறதுக்குப் பத்து நாள் முன்னாடி அவ போறதை வரைஞ்சிருக்கே."

"காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்த கதைண்ணா" என்றார் லைட் மாமா. குழுவுக்கு விளக்கு போடுகிறவர். யாருக்கும் மாமா இல்லை, எல்லோருக்கும் மாமா.

"எந்தக் காக்கான்னுதான் தெரியணும்" என்றார் அண்ணன். அக்காவைப் பார்த்துவிட்டு என்னையும் பார்த்தார்.

நான் நான்கு வருடம் வெளியே சுற்றிவிட்டு வீடு திரும்பி அப்போது ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. பொழுது போகாமல் அக்காவுடன் ஒத்திகைக்குப் போய் வருவேன். என் முதுகுப்பை வீட்டுக் கதவருகே இன்னும் பிரிக்கப்படாமல் கிடந்தது. எந்தக் குழுவுக்கும் இப்படி ஒரு ஆள்மீது சந்தேகம் வருவது நியாயம்தான்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுக்கு முப்பத்தாறு வயது. படித்தது ஓவியம். ஆறு வருடம் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் பிஸ்கட் டப்பாக்களுக்குப் படம் போட்டாள். குழந்தையின் முகத்தைவிட பிஸ்கட் பெரிதாக இருக்க வேண்டும் என்று ஒருநாள் மேலாளர் சொன்னாராம். "அப்ப குழந்தையை பிஸ்கட் சாப்பிட்டுடும் சார்" என்று சொல்லிவிட்டு வந்தவள், அதன்பின் அந்தப் பக்கம் போகவில்லை. பதினொரு வருடமாக அண்ணனின் குழுவுக்கு அவள்தான் சுவரொட்டி. குழுவில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "போஸ்டரு" என்பார்கள். அதே கூடத்தில் முறை வைத்து ஒத்திகை பார்க்கிற இன்னும் இரண்டு சின்னக் குழுக்களும் அவளிடம்தான் வரும். மூன்றும் ஒரே கூடம், ஒரே தேநீர், ஒரே வம்பு. அண்ணன் ஒரு வார்த்தை சொன்னால் மூன்றும் ஒரே நாளில் போய்விடும். அவள் விருப்பப்படி வரையவிட்ட வேறு இடம் கிடையாது.

எங்கள் வீடு மூன்றாவது மாடியில் இரண்டு அறை. முன்னறையில் அக்காவின் மேசை. மேசை என்பது, இரண்டு இரும்பு அலமாரிகள் மீது படுக்க வைத்த ஒரு பழைய கதவு. கைப்பிடி இருந்த ஓட்டையில் தூரிகைகளைச் செருகி வைப்பாள். வரைந்து முடித்ததும் முதலில் தலைகீழாக மாட்டிப் பார்ப்பாள். "எழுத்து படிக்க வராதபோதும் கண்ணு நிக்கணும். பஸ்ஸுல போறவனுக்கு மூணு செகண்டுதான். அவன் படிக்கவா போறான்?" அடுத்தது பால்கனிச் சோதனை. கம்பியில் சுவரொட்டியைத் தொங்கவிட்டு, அம்மாவை எதிர்ச்சாரி மருந்துக் கடைக்கு அனுப்புவாள். அம்மா அங்கே நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும். "நல்லாருக்கு" என்று அம்மா சொன்னால் அக்கா அதைக் கிழித்துவிட்டு வேறு வரைவாள். அம்மாவுக்கு ஒரு கேள்வி வந்தால்தான் சுவரொட்டி தேறியது.

இந்தச் சிவப்புப் பைக்கு அம்மா தெருவிலிருந்தே கத்தினாள். "ஏன்டி, பை வார்ல நூலு பிரிஞ்சு தொங்குதே, அதை வெட்டிட்டு வரையக்கூடாதா?"

அக்காவுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "அங்க இருந்து நூல் தெரியுதாம்டி!" என்று என் முதுகில் அடித்தாள்.

இதையெல்லாம் எந்த ஓவியரும் செய்யலாம். அவள் மட்டும் செய்கிற ஒன்று உண்டு. ஒத்திகைக்குப் போவாள்; ஆனால் நாடகத்தை வரைய மாட்டாள். காட்சி நடக்கும்போது கை கட்டி உட்கார்ந்திருப்பாள். "பத்து நிமிஷம்" என்று அண்ணன் கைதட்டியதும் நோட்டைத் திறப்பாள். இடைவேளையைத்தான் வரைவாள். யார் எங்கே சாய்கிறார்கள், யார் செருப்பைத் தேடுகிறார்கள், யாருடைய பை எந்த மூலையில் கிடக்கிறது.

"நடிக்கும்போது என்ன பண்ணணும்னு அண்ணன் சொல்லிடறாரு. தேநீர் குடிக்கும்போது யாரும் சொல்றதில்லை. அதுல இருந்துதான் எனக்குப் படம் கிடைக்கும்" என்பாள். ஒரு ராஜா நாடகத்தின்போது, ஈ விழாமல் இருக்க ராஜா நடிகர் தன் காகிதக் கிரீடத்தைத் தேநீர்க் குவளை மீது கவிழ்த்து வைத்திருந்தாராம். அதையே சுவரொட்டியாக்கினாள். மூன்று காட்சியும் அரங்கம் நிறைந்தது.

ஒவ்வொரு நாடகத்துக்கும் ஒரு நோட்டு. ஒவ்வொரு பக்கத்திலும் தேதியும் நேரமும். நடிகர்களுக்கு எதையும் காட்ட மாட்டாள். அண்ணன் மட்டும் அச்சுக்கு முன் சுவரொட்டியைப் பார்ப்பார். மற்றவர்கள் சுவரில்தான் பார்க்க வேண்டும், தெருவில் போகிறவர்களைப் போலவே. அது அந்தக் குழுவின் பழக்கம். யாருக்கு முதலில் கண்ணில் படுகிறது என்று பந்தயம் கட்டுவார்கள்.

வெள்ளிக்கிழமை காலை முதல் போன் ஓயவில்லை. அண்ணன் பேசவில்லை, அண்ணன் சார்பில் மற்றவர்கள் பேசினார்கள். ஒருவர் நலம் விசாரிப்பதுபோல் ஆரம்பித்து, "அண்ணி உங்க வீட்டுல இல்லையே?" என்று முடித்தார். மத்தியானம் இரண்டாவது குழுவின் தலைவர் கூப்பிட்டார். அடுத்த மாத நாடகத்துக்கு அக்கா பாதி வரைந்து வைத்திருந்தாள். "கொஞ்ச நாள் போகட்டும்மா. அண்ணன் மனசு நோகக் கூடாது பாரு" என்றார்.

அம்மா கண்கொத்திப் பாம்பாக அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உனக்குத் தெரியுமா, தெரியாதா? அதை மட்டும் சொல்லு."

"தெரியாதும்மா."

"தெரியாமத்தான் பையை அச்சா போட்டியா?"

"பை இருந்துச்சு, போட்டேன்."

"வீட்டுல குக்கர்கூட இருக்கு. அதை ஏன் போடலை?"

அக்கா முன்னறைக்குப் போனாள். போகிற வழியில் என் முதுகுப்பை காலில் இடறியது. நின்று அதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

"நீ அண்ணிகூட உட்கார்ந்து தேநீர் குடிச்சியே, மூணு நாலு தடவை. என்ன பேசினீங்க?"

"சும்மா ஊர்க்கதை."

"என்ன கதை?"

அப்போதுதான் எனக்கே ஞாபகம் வந்தது. வந்த முதல் வாரம். அண்ணி தண்ணீர் பாட்டிலை மூடிக்கொண்டே கேட்டார்: "நாலு வருஷத்தையும் ஒரே பையில எப்படிம்மா சமாளிச்சே?" என்னிடம் யாராவது பயணத்தைப் பற்றிக் கேட்டால் போதும், நிறுத்தத் தெரியாது. துணியை மடிக்காமல் சுருட்ட வேண்டும் என்றேன். காகிதங்களை மேலே வைக்க வேண்டும் என்றேன். இல்லாமல் இருக்க முடியாது என்று தோன்றுகிற பொருளை ஒரு வாரம் கண்ணில் படாத இடத்தில் வைத்துப் பார்த்து, தேடவில்லை என்றால் விட்டுவிட வேண்டும் என்றேன். அண்ணி சிரித்தார். நான்கூட என் அறிவை மெச்சிக்கொண்டேன்.

இதை அக்காவிடம் சொன்னேன். அவள் கதவு மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டாள்.

"ஊர்சுற்றி, நீயாடி?"

"நான் என்ன பண்ணேன்? பை எப்படிக் கட்டறதுன்னு சொன்னேன்."

"அவங்க ஏன் கேக்கறாங்கன்னு உனக்குத் தோணலை?"

"உனக்குத் தோணிச்சா? நீ பையையே வரைஞ்சே."

அன்று முழுக்க நாங்கள் பேசவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இருவருக்கும் குறுகுறுத்தது, யாருக்குக் குற்றம் என்பதுதான் தெரியவில்லை. அவள் எல்லாம் தெரிந்தே செய்துவிட்டு என்னைக் கேள்வி கேட்கிறாள் என்று நான் நினைத்தேன். நான் திட்டம் போட்டுக் கொடுத்துவிட்டு அவளை மாட்டிவிட்டேன் என்று அவள் நினைத்தாள். ஒரே வீட்டில் இரண்டு போலீஸ், இரண்டு திருடன்.

சனிக்கிழமை காலை அக்கா அச்சகத்துக்குப் போனாள். பாதியில் நின்ற வேலைக்காக அவர்கள் தயார் செய்திருந்த திரை அச்சுச் சட்டங்களை வாங்கி வர வேண்டும். அவள் படியிறங்கும் சத்தம் அடங்கியதும் நான் நோட்டை எடுத்தேன். அடுத்தவர் நோட்டைத் திறப்பது தவறு என்று தெரியும். தெரிந்தேதான் திறந்தேன்.

முதலில் ஒன்றும் இல்லை. கால்கள், குவளைகள், சன்னலில் தொங்கும் சட்டை. அண்ணன் எல்லாப் பக்கத்திலும் இருந்தார். எல்லாப் பக்கத்திலும் அவருடைய விரல் யாரையாவது நோக்கி நீண்டிருந்தது. அண்ணி எல்லாப் பக்கத்திலும் சுவரோரம், வேறு எங்கோ பார்த்தபடி. அவர் பக்கத்தில் பை.

மூன்றாம் முறை புரட்டும்போது பையை மட்டும் பார்த்தேன். நான்கு வருடம் பை தூக்கியவளுக்கு, பையின் வடிவத்தை வைத்தே உள்ளே இருப்பதைச் சொல்லத் தெரியும். முதல் இடைவேளை, ஐந்தே முக்கால்: பை குண்டு. அடியில் சுருட்டிய துணி, மேலே தட்டையாக ஏதோ, மூலை துருத்துகிறது. அதே நாள் இரண்டாம் இடைவேளை, ஏழு மணி: பை ஒல்லி. வெறும் தண்ணீர் பாட்டில் அளவு. அடுத்த நாளும் அப்படியே. வரும்போது குண்டு, போகும்போது ஒல்லி. ஐந்து வாரமும் அதே கதை.

அப்படியானால் உள்ளே இருந்தது கூடத்திலேயே எங்கோ இறங்கியிருக்கிறது. பக்கத்தின் மற்ற மூலைகளைத் தேடினேன். லைட் மாமாவின் ஒயர்ப் பெட்டி கண்ணில் பட்டது. முதல் இடைவேளையில் மூடியிருக்கும். இரண்டாம் இடைவேளையில் மூடி பொருந்தாமல் தூக்கிக்கொண்டு, மேலே கயிறு சுற்றியிருக்கும். விளக்கு மாட்டிய பிறகு ஒயர் பெட்டியில் குறைய வேண்டும், கூடக் கூடாது. கயிற்றின் முடிச்சைக்கூட அக்கா விடாமல் போட்டிருந்தாள். அலமாரி எப்படி ஒத்தைப் பையில் போனது என்ற அண்ணனின் கேள்விக்குப் பதில், தேதி போட்டு, நேரம் போட்டு, அந்த நோட்டில் இருந்தது.

அக்கா வந்ததும் பக்கங்களைத் திறந்து விரலால் காட்டினேன். பை, பெட்டி. பை, பெட்டி. அவள் முகத்தையே உற்றுப் பார்த்தேன். நடிக்கிறாளா என்று தெரிந்துகொள்ள எனக்கு அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. அவள் முதலில் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். பிறகு தானே மறுபடி புரட்டினாள், வேறு யாரோ வரைந்ததைப் பார்ப்பதுபோல.

"நான் இதைப் பார்க்கலைடி" என்றாள். "வரைஞ்சேன், அவ்வளவுதான்."

"வரையணும்னா பார்க்க வேண்டாமா?"

"கோட்டைப் பார்ப்பேன். என்ன அர்த்தம்னு கோட்டுக்கிட்ட கேக்க மாட்டேன்."

நம்புவதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. "கிழிச்சுப் போட்டுடலாம்" என்றேன்.

"கிழிச்சா நாம தப்பு பண்ணினதா ஆயிடும்."

"இருந்தா லைட் மாமா மாட்டுவாரு. அண்ணி எங்க இருக்காங்கன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கும். அவரைப் பிடிச்சா அண்ணியைப் பிடிச்ச மாதிரி."

அக்கா நோட்டை மூடி அலமாரியில் மற்ற நோட்டுகளோடு வரிசையில் வைத்தாள். ஒளிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அண்ணன் வந்தார். சாட்சிக்கு ஒரு ஆளை அழைத்து வந்திருந்தார். லைட் மாமாவை.

அம்மா இருவருக்கும் தண்ணீர் கொடுத்துவிட்டு உள்ளே போகாமல் வாசற்படியிலேயே நின்றுகொண்டாள். அண்ணன் உட்காரவில்லை. "நீ ஒத்திகையில நோட்டுல கிறுக்குவியே, அதைக் குடு" என்றார்.

"எதுக்குண்ணா?"

"அவ யார்கூட இருந்தா, யார்கிட்ட பேசினான்னு அதுல இருக்குமில்ல?"

அக்கா எழுந்து நோட்டை எடுத்தாள். என் கை தானாக நீண்டது. அவள் அதைத் தட்டிவிட்டாள். "வீட்டுக்கு எடுத்துட்டுப் போகக் குடுக்க மாட்டேன். இங்கயே பாருங்க" என்று கதவு மேசையில் வைத்தாள்.

அண்ணன் குனிந்து புரட்டினார். லைட் மாமா அவர் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார். நான்காம் பக்கத்தில் அவர் ஒரு கையால் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பெட்டி, கயிறு, தேதி, நேரம் எல்லாம் அண்ணனின் கட்டைவிரலுக்கு அரை அங்குலம் தள்ளி இருந்தன.

அண்ணன் நின்றார். "இது நானா?"

"ஆமாண்ணா."

"எனக்கு இவ்வளவு கூனா?"

"குனிஞ்சு பேசும்போது அப்படித்தான் தெரியும்."

இன்னொரு பக்கம். "ஏன் எல்லாத்துலயும் விரலை நீட்டிக்கிட்டே இருக்கேன்?"

"நீட்டிக்கிட்டிருந்தீங்க."

வாசற்படியில் அம்மா இருமினாள். சிரிப்பை அடக்கினால் அம்மாவுக்கு இருமல் வரும்.

அண்ணன் வேகமாகப் புரட்டினார். அவர் ஒரு ஆளைத் தேடினார். அண்ணிக்குப் பக்கத்தில் நிற்கிற, சிரிக்கிற, காதில் ஏதோ சொல்கிற ஒரு ஆள். ஆள் கிடைக்காதபோது அவர் கண் அவரிடமே திரும்பிப் போயிற்று. தன் மூக்கு, தன் வழுக்கை, தன் விரல். பையை அவர் ஒரு முறைகூடப் பார்க்கவில்லை. ஐந்து வாரம் தன் எதிரிலேயே கிடந்த பையை அவர் அப்போதும் பார்க்கவில்லை, இப்போதும் பார்க்கவில்லை.

கடைசியில் ஒரு பக்கத்தில் ஆள் கிடைத்தது. தேநீர்க் குவளையோடு நானும் அண்ணியும். அண்ணி சிரிப்பது அந்த நோட்டிலேயே அந்த ஒரு பக்கத்தில்தான்.

"அப்ப இவதான்" என்று விரலை என் பக்கம் நீட்டினார். "இவ வந்த அஞ்சாவது வாரம் அவ போயிட்டா. என்னத்தை ஓதினா இவ?"

"ஊர்க்கதை சொன்னா" என்றாள் அக்கா. "அதைக் கேக்க அண்ணி உங்ககிட்ட அனுமதி வாங்கணுமா?"

பதினொரு வருடத்தில் அக்கா அவரை எதிர்த்துப் பேசி நான் கேள்விப்பட்டதில்லை.

அண்ணனின் குரல் திடீரென்று மென்மையானது. "இங்க பாரு போஸ்டரு. உன்மேல எனக்குக் கோபம் இல்லை. அந்தப் பையைப் பத்தி உனக்கு என்ன தெரியும்னு மட்டும் சொல்லு. யார் உதவினாங்கன்னு சொல்லு. அடுத்த நாடகமும் நீதான், அதுக்கடுத்ததும் நீதான். மத்த ரெண்டு குழுகிட்டயும் நானே பேசறேன்."

லைட் மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"நான் பையை வரைஞ்சேண்ணா. திறந்து பார்க்கலை" என்றாள்.

அண்ணன் நோட்டை மூடி, அதன் மீது இரண்டு விரலால் தட்டினார். "சரி. இனிமே போஸ்டரை வேற இடத்துல பார்த்துக்கறோம்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

லைட் மாமா செருப்பு மாட்ட நேரம் எடுத்துக்கொண்டார். கீழே ஸ்கூட்டர் உதைபடும் சத்தம் கேட்டதும் நிமிர்ந்தார்.

"படம் நல்லா வரையறேம்மா. ஆனா என் பெட்டியை ஏன் அவ்வளவு பெருசா போட்டே?"

"இருந்ததைப் போட்டேன் மாமா."

அவர் தலையை ஆட்டினார். "அந்தப் பொண்ணு தண்ணி குடிக்கறதைக்கூட அவன் சரி பண்ணுவான். எத்தனை நாள்தான் லைட்டைப் பார்த்துக்கிட்டே நிக்கறது?" இவ்வளவுதான் சொன்னார். அண்ணி எங்கே போனார் என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடும், தெரிந்தால் பொய் சொல்ல வேண்டி வரும்.

நாடகம் நின்றுபோனது. சுவரொட்டிகளைக் கிழிக்க அண்ணன் ஆள் அனுப்பினார். ஆனால் ஒட்டுகிறவர் பசையில் கைராசிக்காரர். முழுசாக எதுவும் வரவில்லை. கதவு போயிற்று, பெண்ணின் தலை போயிற்று, தேதி போயிற்று. பல சுவர்களில் சிவப்புப் பை மட்டும் மாதக்கணக்கில் தொங்கிக்கொண்டிருந்தது. அக்கா பஸ்ஸில் போகும்போது அந்தப் பக்கம் பார்க்க மாட்டாள்.

மற்ற இரண்டு குழுக்களும் போயின. அதோடு ஒரு பேச்சும் பரவியது: அவள் வரைந்தால் நடந்துவிடும். வேறொரு பகுதியிலிருந்து வந்த குழுத்தலைவர் எல்லாம் பேசி முடித்துவிட்டு, வாசலில் நின்று தயங்கினார். "ஒத்திகைக்கு என் வீட்டுக்காரியும் வருவா. அவளை மட்டும் வரைஞ்சுடாதேம்மா." எங்கள் கீழ் வீட்டுக்காரர் வேடிக்கையாக, தன் மேலதிகாரி மாற்றலாகிப் போவதுபோல் ஒன்று போட்டுத் தர முடியுமா என்று கேட்டார். அம்மாகூட அடுப்படியில் நிற்கும்போது, "என்னை எங்கயாவது வரைஞ்சு வெச்சிருக்கியா?" என்று ஒருநாள் கேட்டாள். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். முழுச் சிரிப்பு இல்லை.

குழந்தைகளுக்கான பொம்மலாட்டம் ஒன்று, ஒரு கல்லூரி நாடகம் என்று எப்போதாவது வேலை வந்தது. அக்கா இடைவேளையை வரைவதை விட்டுவிட்டாள். கதையைப் படித்து, கதையில் இருப்பதையே வரைந்தாள். பால்கனியில் தொங்கவிட்டபோது அம்மா தெருவிலிருந்து, "நல்லாருக்குடி" என்றாள். அக்கா அதைக் கிழிக்கவில்லை. அப்படியே அச்சுக்குக் கொடுத்தாள். அரங்கத்தில் முதல் மூன்று வரிசைகூட நிரம்பவில்லை.

நான் மறுபடி கிளம்பவில்லை. முதுகுப்பையைப் பிரித்து, துவைத்து, பரணில் போட்டேன். போகலாம் என்று தோன்றும். உடனே, இப்போது போனால் நான்தான் குற்றவாளி என்று அக்கா முடிவு கட்டிவிடுவாள் என்றும் தோன்றும்.

ஒருநாள் அவள் தூரிகை கழுவிக்கொண்டே கேட்டாள். "எனக்குத் தெரியாதுன்னு எல்லார்கிட்டயும் சொன்னேனே. அது உண்மையாடி?"

"என்னைக் கேட்டா?"

"கதவும் நானா போட்டேன், போறதும் நானா போட்டேன். கூடத்துல பை சும்மா கிடந்துச்சு. அதை ஏன் தோள்ல மாட்டினேன்?"

அவள் ஈரக் கையோடு சன்னலைப் பார்த்து நின்றாள்.

பதினான்கு மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், பொம்மலாட்டத்துக்கான அடுத்த சுவரொட்டியை அவள் தலைகீழாக மாட்டிக்கொண்டிருந்தபோது போன் ஒலித்தது. வாயில் ஊசிகளைக் கடித்திருந்ததால் என்னைப் பார்க்கச் சொல்லிச் சைகை காட்டினாள். தெரியாத எண்ணிலிருந்து ஒரு செய்தி. நான் சத்தமாக வாசித்தேன்.

"போஸ்டரு, நான் அண்ணி. இந்த நம்பரை யாருக்கும் குடுத்துடாதே. நான் நல்லா இருக்கேன். பிள்ளைங்களுக்கு நாடகம் சொல்லிக் குடுக்கற வேலை. உன்னை அங்க இருந்து நிறுத்திட்டாங்கன்னு மாமா இப்பதான் சொன்னாரு. மன்னிச்சுக்கோ. ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா நினைச்சிட்டிருக்கேன். அஞ்சு வாரமா நான் சாமானை மட்டும் வெளிய அனுப்பிட்டிருந்தேன். நாள் குறிக்கலை. அனுப்பறதே போதும்னு இருந்துச்சு. அந்தப் புதன்கிழமை பஸ்ஸுல வரும்போது உன் போஸ்டரைப் பார்த்தேன். அடுத்த ஸ்டாப்புல இறங்கித் திரும்ப நடந்து வந்து, கிட்ட நின்னு பார்த்தேன். உனக்கு எல்லாம் தெரியும், போங்கன்னு நீ சொல்றதா நினைச்சேன். மறுநாளே கிளம்பிட்டேன். நீ தெரிஞ்சு வரைஞ்சியா, தெரியாமலா? எதுவா இருந்தாலும் சொல்லு, எனக்கு வருத்தம் இல்லை. இன்னொண்ணு. பையோட இடது வார்ல நூல் பிரிஞ்ச மாதிரி போட்டிருந்தே. வீட்டுக்குப் போய்ப் பார்த்தா நிஜமாவே பிரிஞ்சிருந்துச்சு. அன்னைக்கே தைச்சுட்டேன். வழியில அறுந்திருந்தா திரும்பி வந்திருப்பேன்."